பிற பணிகள்

அரசு அலுவலகத்தில் பணியில் சேர்ந்ததும் கையில் ஒரு பணிப் பகிர்வு ஆணை வரும். எந்த சீட்டுக்கு என்ன வேலை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். என் சீட் அ5. அதற்கு நேரே ஐந்து வரிகள்: தபால் பதிவு, அனுப்புகை, எழுதுபொருள் இருப்பு, பதிவறை, கடைசியாக ‘அவ்வப்போது அலுவலரால் இடப்படும் பிற பணிகள்’. முதல் நான்கு வரிகளுக்கும் சேர்த்து ஒரு நாளில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அது நல்ல நாள். மிச்ச நேரமெல்லாம் நான் ஐந்தாவது வரியில்தான் குடியிருக்கிறேன்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 என்று ஒன்று இருப்பதால் துறை எது, ஊர் எது என்று கேட்காதீர்கள். தென்மாவட்டம் ஒன்றில் ஒரு மாவட்ட அலுவலகம். பழைய கட்டடம், வாசலில் வேப்பமரம். ஆட்களின் பெயரும் வேண்டாம். எங்கள் ஆபீசில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். ‘அ2 லீவு’, ‘ஆ1 சாப்பிடப் போயிருக்கு’ என்பார்கள். ‘எங்கப்பா அந்த அ5?’ என்று ஒரு குரல் கேட்டால் அது எனக்கு. ஒரு நாளைக்கு அதிகம் கேட்கும் குரலும் அதுதான்.

2022 ஜூலை 24 அன்று 18 லட்சம் பேருக்கு மேல் எழுதிய குரூப் 4 தேர்வில் நானும் ஒருத்தி. முடிவு 2023 மார்ச் 24-ல்தான் வந்தது. அதுவரை ‘ரிசல்ட் எப்போ’ மீம்களைப் பகிர்ந்தே காலத்தை ஓட்டினோம். 200 கேள்வி, 300 மதிப்பெண், கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. நான் பி.இ. பவானிசாகர் பயிற்சி நிலையத்தில் பக்கத்துக் கட்டில்காரி எம்.ஃபில்., எதிர்க் கட்டில் எம்.சி.ஏ. கோப்பை எப்படி நடத்துவது, வந்த தபால்களைக் குறித்துவைக்கும் தன் பதிவேட்டை எப்படி எழுதுவது, வெள்ளைக்காரன் காலத்து டாட்டன்ஹாம் அலுவலக நடைமுறை இன்றுவரை எப்படி ஓடுகிறது என்றெல்லாம் அங்கே நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கினால் எந்தப் பக்கக் கதவைத் திறந்து இழுப்பது என்று மட்டும் சொல்லித் தரவில்லை. ஆபீசில் முதல் நாள் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். “பி.இ.தானம்மா, இதைக் கொஞ்சம் பாரு.” நான் சிவில்.

ஊதிய அட்டவணையைப் பார்த்தால் நான் கடைசி ஆள் இல்லை. இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய், அலுவலக உதவியாளருக்கு 15,700. ஆனால் அட்டவணை போட்டவர்கள் எங்கள் ஓ.ஏ. அண்ணனைப் பார்த்ததில்லை. ஆபீசர் எந்த நேரம் எரிந்து விழுவார், எந்த நேரம் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆபீசரின் நேர்முக உதவியாளரான பி.ஏ. மேடமே “உள்ள எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் தள்ளுவார். அப்பேர்ப்பட்டவர் என் மேஜைக்கு வந்து, “பாப்பா, பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். பெல் அடிச்சா எட்டிப் பாத்துக்கங்க” என்பார். அவர் போகும் பேங்கில் டீயும் வடையும் கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். பெல் அடித்தால் எட்டிப் பார்ப்பது ஐந்தாவது வரி. காலை எட்டு மணிக்கே வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும் அக்காவுக்கு அப்படி ஓர் ஆணைகூடக் கிடையாது, தொகுப்பூதியம்தான். அதனால் ‘நான்தான் இங்கே கடைசி’ என்ற புலம்பலை அவர் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்வேன்.

தபாலுக்கு வருகிறேன். வரும் கடிதத்தில் தேதி முத்திரை குத்தி, சூப்பிரண்டு எழுதியபடி சீட் சீட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பகிர்மானப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுப்பது சுலபம். கையெழுத்து வாங்குவதில்தான் ஆயுசு போகும். தபால் என்றால் வேலை, கையெழுத்துப் போட்டால் அந்த வேலை அவர்களுடையது. ஆகவே எந்தத் தபாலைக் கண்டாலும் முதலில் வரும் பதில், “இது என் சீட் இல்லையே.”

போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் மனு கொடுத்தார். எங்கள் வளாக வேப்பமரத்தின் கிளை ஒன்று அவர் வீட்டு மொட்டை மாடி மேல் சாய்ந்து நிற்கிறது, மழைக்காலத்துக்குள் வெட்ட வேண்டும். நியாயமான மனு. அ2-விடம் கொண்டுபோனேன், வளாகப் பராமரிப்பு அவர் சீட். “என்கிட்ட கட்டடம்தான் இருக்கு. மரம் கட்டடமா?” ஆ1-இடம் அசையும் பொருள் இருப்புப் பதிவேடு இருக்கிறது. “மரம் அசையுமாம்மா?” காற்றடித்தால் அசையும் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மனுப் பிரிவு ஆ3. “குறைதீர் மனுன்னா ஆன்லைன்ல நம்பர் வந்திருக்கணும். இது வெறும் தாள்ல வந்திருக்கு.” மூன்று மேஜையும் சுற்றிவிட்டு சூப்பிரண்டு சாரிடம் திரும்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீயே ஒரு ஃபைல் போட்டுரும்மா.”

போட்டேன். அ5-க்கு ஒரு ந.க. எண், பொருள்: வேப்பமரக் கிளையை அகற்றக் கோருதல் தொடர்பாக. பொதுப்பணித்துறைக்கு ஒரு கடிதம். அங்கே இருந்து ‘மரத்தின் சுற்றளவு, வயது, புகைப்படம்’ கேட்டு ஒரு கடிதம். துணிக்கடைப் பை தைக்கும் அக்காவிடம் டேப் இரவல் வாங்கி மரத்தைச் சுற்றினேன். வயதை ஓ.ஏ. அண்ணன் சொன்னார்: “நான் வேலைக்கு வரும்போதே இது பெருசுதான்.” அதை ‘சுமார் 40 ஆண்டுகள்’ என்று எழுதினேன். அந்தப் பதில் மேலே போய்க் கையெழுத்தாகி வருவதற்குள் ஒரு ராத்திரி மழைக்கு அந்தக் கிளை தானாகவே முறிந்து, பெரியவர் வீட்டு மாடியை விட்டுவிட்டு எங்கள் சைக்கிள் ஷெட் மேல் விழுந்தது.

பிரச்சினை முடிந்தது என்றுதான் நினைத்தேன். சூப்பிரண்டு சார் நினைக்கவில்லை. விழுந்த கிளை அரசுச் சொத்து. அதை யார் எடுத்துப் போனாலும் நாளைக்குத் தணிக்கையில் கேட்பார்கள். எனவே கிளையை மதிப்பிட வேண்டும், மதிப்பிட்டால் ஏலம் விட வேண்டும், ஏலம் விட்டால் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டினோம். ஒருவரும் வரவில்லை. இதற்கிடையில் கிளை காய்ந்து, யார் யாரோ ஒடித்துப் போய், நடுத்தண்டு மட்டும் மிஞ்சியது. ஏலத்துக்கு ஆள் வராத விவரத்தையும் ஒரு குறிப்பாக எழுதி மேலே அனுப்பினேன். கோப்பை முடிக்கும்போது கடைசிச் சிக்கல். ஓ.மு. போட்டால் ஒரு வருஷம் வைத்திருந்தால் போதும், மூ.மு. என்றால் மூன்று, ப.மு. என்றால் பத்து, நி.மு. என்றால் நிரந்தரம். நான் ஓ.மு. என்று எழுதி வைத்தேன். சூப்பிரண்டு சார் அதை அடித்துவிட்டு ப.மு. போட்டார். “மரம்மா. பின்னால யாராவது கேஸ் போட்டா?” கிளை போய்விட்டது. அதன் கோப்பு இன்னும் பத்து வருஷம் என் பதிவறையில் இருக்கும்.

கீழே இருப்பவருக்கு மேலே இருந்து வரும் உத்தரவுகளில் மிகக் கொடுமையானது ‘பேசவும்’. குறிப்பு எழுதி அனுப்பிய கோப்பு திரும்பி வரும். அடியில் பச்சை மையில் அந்த ஒற்றைச் சொல் இருக்கும். சம்மதம் என்றால் கையெழுத்து இருக்கும், மறுப்பு என்றால் காரணம் இருக்கும், இதில் இரண்டும் இல்லை. முறைப்படி பேச வேண்டியவர் பி.ஏ. மேடம். அவர் அதை சூப்பிரண்டு பக்கம் நகர்த்துவார், சூப்பிரண்டு சார் என் பக்கம். “நீதான புட் அப் பண்ண? நீயே போய்ப் பேசு.”

போனால் உள்ளே ஆள் இருக்கும். ஆள் போனால் போன் இருக்கும். போன் முடிந்தால் ஆபீசர் மீட்டிங்குக்குக் கிளம்பியிருப்பார். கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நிற்கும் அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் என் நினைவு வரும்: அ5, ஸ்டேப்ளர் பின் தீந்துபோச்சு. அ5, நெட் வரல. ஒருவழியாக உள்ளே போனேன்.

“என்னம்மா?”

“சார், பேசவும்னு போட்டிருந்தீங்க.”

“நானா? என்னைக்கு?”

கோப்பை நீட்டினேன். முன்னும் பின்னும் புரட்டினார். அவருக்கே அது சுவாரசியமாக இருந்தது. “எதுக்குப் போட்டேன்?” என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். “சரி, பேசியாச்சுன்னு போட்டு சர்க்குலேட் பண்ணு.” வெளியே வந்து ‘அலுவலரிடம் பேசப்பட்டது’ என்று எழுதி சூப்பிரண்டு சாரிடம் வைத்தேன். அவர் படித்துவிட்டுக் கேட்டார்: “என்ன பேசுன?”

மாலை நாலு மணிக்கு மேல் சென்னையிலிருந்து போன் வந்தால் அதற்கும் நான்தான். ஐந்து மணிக்குள் ஒரு விவரம் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அந்த இனத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்று போனில் சொன்னால் ஏற்க மாட்டார்கள், இன்மை அறிக்கை அனுப்ப வேண்டும். பதினான்கு கலம் உள்ள படிவம், ஒவ்வொன்றிலும் ‘இல்லை’. அனுப்பினால் கையொப்பமிட்ட நகல் கேட்பார்கள். எல்லாக் கையெழுத்தும் வாங்கி ஸ்கேன் எடுத்து அனுப்பினால், வேர்டு கோப்பும் வேண்டும், யூனிகோடில் வேண்டும் என்பார்கள். எங்கள் சீனியர்களின் விரல்களோ வானவில்-அவ்வையார் எழுத்துருவில் ஊறியவை. அவர்கள் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த கஷாயமாக இருக்கும். அதைத் தமிழாக்கித் தருவது இருப்பதிலேயே வயதில் சின்னவர் வேலை. மின் அலுவலகம் வந்தால் இதெல்லாம் மாறும் என்றார்கள். மாறியது. இப்போது மெயிலில் வரும் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறேன்.

காலை 10 மணி ஏசி தட்கால், 11 மணி ஸ்லீப்பர் தட்கால் இரண்டும் என் கணக்கில்தான் நடக்கும். பி.ஏ. மேடம் மகளின் இன்ஜினியரிங் கவுன்சலிங் விருப்பப் பட்டியலையும் நான்தான் நிரப்பினேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல கல்லூரி கிடைத்தது. மேடம் எனக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாகு கொடுத்தார், மறுநாள் அந்தப் பெண்ணின் முதல் பட்டதாரிச் சான்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மேடம் எம்.ஏ. அதை எடுத்துச் சொல்லும் வேலை யாருடையது என்று ஆபீசே என்னைப் பார்த்தது.

குறிப்பாணை, அதாவது மெமோ, வாங்கிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-ன்படி மனுவுக்கு 30 நாளில் பதில் போக வேண்டும். தவறினால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம். எங்கள் ஆபீசில் மேலே எல்லோருக்கும் பயம் இருக்கும் ஒரே சட்டம் இது. ஒரு மனுவுக்கு மூன்றாம் நாளே வரைவுப் பதில் வைத்தேன். கோப்பு மேலே போய் ஏதோ ஒரு மேஜையில் வாராந்தரி ஒன்றின் அடியில் படுத்துவிட்டது. எடுத்து நீட்டியபோது 29-ஆம் நாள் சாயங்காலம், மேலே சிவப்பில் ‘மிக அவசரம்’. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆபீசர் கேம்ப். பதில் 32-ஆம் நாள் போனது. மனுதாரர் மேல்முறையீடு செய்தார். யாராவது ஒருவர் விளக்கம் கொடுத்தாக வேண்டும். கோப்பு எந்த மேஜையில் தொடங்கியதோ அந்த மேஜைதான் அதற்கு வசதி.

குறிப்பாணையை சூப்பிரண்டு சார் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘தாமதம் கடும் கண்டனத்திற்குரியது’ என்ற இடத்தில் நிறுத்தி, “கண்டனத்துல டவுக்கு முன்னால மூணு சுழி ணவா, ரெண்டு சுழி னவா?” என்று கேட்டார். மூணு சுழி சார் என்றேன். “கொஞ்சம் காட்டமா இருக்கட்டும்மா, மேல பாப்பாங்க” என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார். பிரிண்ட் எடுத்து மேலே அனுப்பி, கையெழுத்தாகி வந்ததும் எண் போட்டு, அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றினேன். பெறுநர் நான். தபால் தலை வேண்டாம், நேரில் சார்வு, அதாவது கையிலேயே கொடுப்பது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டு, அந்த ஒப்புகையைக் கோப்பில் டேக் போட்டுக் கட்டினேன். ஓ.ஏ. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் கவலப்படாதீங்க பாப்பா. பெரிய தண்டனைக்குப் போடற செவன்டீன் பி குடுத்தாத்தான் சங்கத்துக்குப் போகணும்” என்று ஆறுதல் சொன்னார்.

ஏழு நாளில் விளக்கம் எழுதினேன். மூன்றாம் நாள் வைத்த குறிப்பின் தேதியையும், மற்ற கையெழுத்துகளின் கீழே இருந்த தேதிகளையும் வரிசையாக எடுத்துப் போட்டேன், ஒரு பெயரடைகூடச் சேர்க்காமல். அதைத் தபாலில் பெற்று, தேதி முத்திரை குத்தி, சூப்பிரண்டு சாரிடம் கொண்டுபோய் வைத்ததும் நான்தான். அவர் அந்தத் தேதி வரிசையை ரொம்ப நேரம் பார்த்தார். ‘எதிர்காலத்தில் கவனமாக இருக்க அறிவுறுத்தப்படுகிறார்’ என்று எழுதிக் கோப்பை முடித்தார்கள். அதையும் நான்தான் பதிவறையில் கட்டி வைத்தேன். அதற்கு மட்டும் மூ.மு. போதும் என்று சூப்பிரண்டு சார் சொல்லிவிட்டார். மரக்கிளையைவிட ஏழு வருஷம் குறைவு.

இந்த ஏணியில் மேலே ஒருத்தர் இறங்கினால்தான் கீழே ஒவ்வொருத்தரும் ஒரு படி ஏறலாம். 2020-ல் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள், அடுத்த வருஷமே 60. அந்த இரண்டு வருஷத்தில் கையில் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போன கதையை எங்கள் உதவியாளர்கள் இன்றும் மதியச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்வார்கள். இப்போது ஒருவழியாகப் பணி நிறைவுகள் தொடங்கிவிட்டன. மாதக் கடைசியில் விழா, விழா என்றால் வசூல், வசூல் என்றால் அ5. இளநிலை உதவியாளருக்கு 500, உதவியாளருக்கு 700, சூப்பிரண்டுக்கு 1,000, அதற்கு மேலே ‘அவங்க விருப்பம்’. கீழே உள்ளவர்களிடம் வசூலிப்பது அரை மணி நேர வேலை. மேலே போகப் போகப் பணம் மெலிந்து பதில் பெருக்கும். “நீ போட்டுரும்மா, நான் ஜிபே பண்றேன்.” அப்படிச் சொன்ன ஒருவரிடம் அந்த ஆயிரத்தை எப்படிக் கேட்பது? என் தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். வருஷத்துக்குக் கிடைப்பது 12 நாள். ஒரு தடவை மட்டும் விடுப்புக் கடிதத்தையும் வசூல் பட்டியலையும் ஒன்றாக வைத்து நீட்டினேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், பட்டியலைத் திருப்பிக்கொடுத்தார். சந்தன மாலை, சால்வை, வெள்ளி விளக்குக்கான பாக்கி இன்னும் என் நோட்டில் அவர் பெயருக்கு நேரே இருக்கிறது. விழாவில் மைக் பிடித்து அதிக நேரம் பேசியதும் அவர்தான்.

2024 ஜூன் 9-ல் நடந்த அடுத்த குரூப் 4-க்கு அக்டோபரிலேயே முடிவு வந்தபோது, எழுதினவர்களைவிட எனக்குத்தான் சந்தோஷம். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் ஒதுக்கீடாகிறாள் என்று தெரிந்ததும் அ6 என்று ஒரு சீட் உருவாக்கக் குறிப்பு எழுதினேன். ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலிக்குத் தேவைப் பட்டியல் அனுப்பினேன். ஆணை, ஒப்புதல், மறு ஒப்புதல் எல்லாம் முடிந்து, ஆச்சரியமாக, ஆளுக்கு முன்னால் நாற்காலி வந்துவிட்டது. குட்டியானையில் பிளாஸ்டிக் உறையோடு வந்து இறங்கியதை ஜன்னல் வழியாக ஆபீசர் பார்த்தார். “நல்லா இருக்கே.”

அவ்வளவுதான். புது நாற்காலி உள்ளே போனது. அவருடையது டர்க்கி டவலோடு சேர்ந்து பி.ஏ. மேடத்துக்கு, மேடத்துடையது சூப்பிரண்டு சாருக்கு, அவருடையது அ1-க்கு. ஒரு சாயங்காலம் முழுக்க வராந்தாவில் சக்கரச் சத்தம். ஒவ்வொரு நகர்வையும் தளவாடப் பதிவேட்டில் ஏற்றினேன். அந்தப் பெண் மறு வாரம் முற்பகல் பணியேற்றாள். பிற்பகலே மேல் அலுவலகத்துக்கு மாற்றுப்பணியில் விடுவித்தார்கள். எம்.எஸ்சி. கணிதம், நல்ல கையெழுத்து. பேனாவை மூடும் முன்பே, “அக்கா, இங்க லேடீஸ் ஹாஸ்டல் எங்க இருக்கு?” என்று கேட்டிருந்தாள், பதில் சொல்வதற்குள் ஆணை வந்துவிட்டது. அ6 மேஜையில் இப்போது பழைய படிவக் கட்டுகள் இருக்கின்றன.

நாற்காலி வரிசையில் எனக்கும் ஒன்று நகர்ந்தது. அ1-இன் பழைய நாற்காலி, இரண்டு பக்கமும் கை உள்ளது, குஷன் கிழியாதது. சேர்ந்த நாளிலிருந்து மூன்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு அது சிம்மாசனம். துடைத்து, மேஜைக்கு இழுத்து, உட்கார்ந்து மெல்லச் சாய்ந்தேன்.

“பாப்பா, சாயாதீங்க” என்று வாசலில் இருந்து ஓ.ஏ. அண்ணன் கத்தினார். “பின்னால ஸ்க்ரூ கிடையாது. இல்லாட்டி அ1 சும்மா குடுக்குமா?”